கொரியப் பேய்கள் கேட்கும் நியாயம்

கொரியாவின் பழைய கதைகளில் பேய் பழிவாங்க வருவதற்கு முன் மனு கொடுக்க வருகிறது. ஊருக்குப் புதிதாக ஒரு நிர்வாக அதிகாரி பொறுப்பேற்கிறார். முதல் நாள் இரவே, விரிந்த கூந்தலும் ரத்தக்கறை படிந்த உடையுமாக ஓர் இளம்பெண்ணின் ஆவி அவர் எதிரே வந்து நிற்கிறது. பயத்திலேயே அவர் உயிர் போய்விடுகிறது. அடுத்து வந்தவருக்கும் அதே கதி. அந்த ஊருக்கு மாற்றல் என்றாலே எல்லோரும் நழுவுகிறார்கள். கடைசியில் நெஞ்சுரம் உள்ள ஒருவர் வருகிறார். ஓடாமல் உட்கார்ந்து, ‘உனக்கு என்ன குறை?’ என்று கேட்கிறார். அவள் சொல்கிறாள். விடிந்ததும் விசாரணை நடக்கிறது, கொலைகாரன் பிடிபடுகிறான், ஆவி அடங்கிவிடுகிறது.

தென்கொரியாவின் மிர்யாங் நகரில் சொல்லப்படும் ஆராங் என்ற பெண்ணின் கதை இதுதான். அவளுக்கு அங்கே ஒரு சிறு கோயிலும் உண்டு. அவள் யாருடைய கழுத்தையும் நெரிக்கவில்லை. தன்னைக் கொன்றவனின் பெயர் ஒரு வழக்கில் பதிவாக வேண்டும் என்பது மட்டுமே அவள் கேட்டது. அதிகாரிகள் செத்தது அவளால் அல்ல, காது கொடுத்துக் கேட்கத் துணிச்சல் இல்லாததால்.

இன்று உலகமெங்கும் மொழிபெயர்ப்பில் வாசிக்கப்படும் கொரியத் திகில் நாவல்களை இந்தக் கதையை மனதில் வைத்துப் படித்தால் ஒன்று பிடிபடும். குறை இருக்கிறது, குற்றமும் இருக்கிறது. வழக்கைக் கேட்க வேண்டிய அதிகாரியின் நாற்காலி மட்டும் காலியாகிவிட்டது. அந்த நாற்காலியில் இப்போது வாசகரை உட்கார வைக்கிறார்கள். இந்த நாவல்களின் உண்மையான திகில் அதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. அதற்குச் சிறந்த சாட்சி, பியுன் ஹே-யங் எழுதிய ‘தி ஹோல்’.

ஒரு ஜன்னலுக்குள் சுருங்கிய உலகம்

1972இல் சோலில் பிறந்தவர் பியுன். யி சாங் விருது, தோங்-இன் விருது என்று கொரிய இலக்கியத்தின் பெரிய பரிசுகளைப் பெற்றவர். ‘தி ஹோல்’ 2016இல் கொரிய மொழியில் வெளியானது. அடுத்த ஆண்டே சோரா கிம்-ரஸ்ஸல் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்துக்கு வந்து, திகில் எழுத்துக்கு வழங்கப்படும் ஷெர்லி ஜாக்சன் விருதை வென்றது.

கதாநாயகன் ஓகி நாற்பதுகளில் இருக்கும் புவியியல் பேராசிரியர். வரைபடங்கள்தான் அவருடைய ஆய்வுத் துறை. நாவலின் தொடக்கத்தில் அவர் மருத்துவமனையில் நினைவு திரும்பிக் கண் விழிக்கிறார். கார் விபத்தில் மனைவி இறந்துவிட்டாள். அவருக்கு உடம்பு செயலிழந்துவிட்டது, முகம் சிதைந்துவிட்டது, பேச்சு போய்விட்டது. இமை மட்டும் அசைகிறது. மருத்துவர் கேட்கும் கேள்விக்கு ஆம், இல்லை என்று இமைத்துச் சொல்லலாம். அதாவது யாராவது கேட்டால்தான் ஓகியால் பதில் சொல்ல முடியும்; தானாக ஒரு வார்த்தையைத் தொடங்க முடியாது. நாவலின் இயந்திரம் முழுவதும் இந்தச் சின்ன ஏற்பாட்டில்தான் ஓடுகிறது. கேள்வி கேட்பவர்கள் இருக்கும்வரை ஓகி மனிதர். கேட்க ஆளில்லாமல் போனால் அவர் கட்டிலில் கிடக்கும் ஒரு பொருள்.

அவருக்கு உறவென்று மிஞ்சியிருப்பவர் மனைவியின் தாய் மட்டும். மகளைப் பறிகொடுத்த அந்த விதவை மாமியார், மருமகனை வீட்டுக்கு அழைத்துவந்து பார்த்துக்கொள்கிறார். கண்ணியமான, அளந்து பேசுகிற பெண்மணி. தொடக்கத்தில் எல்லாம் ஒழுங்காகவே நடக்கிறது. பிறகு வீட்டோடு இருந்த பணிப்பெண் போகிறாள். உடற்பயிற்சி சிகிச்சையாளர் வருவது குறைகிறது. நண்பர்களின் வருகை அருகுகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயமான காரணம் இருக்கிறது. எந்த ஒன்றையும் தனியாக எடுத்துக் கொடுமை என்று சொல்லிவிட முடியாது. எல்லாம் சேரும்போது மூச்சு முட்டுகிறது.

மனைவி உயிரோடு இருந்தபோது வளர்த்த தோட்டத்தை மாமியார் தோண்ட ஆரம்பிக்கிறார். கட்டிலில் கிடக்கும் ஓகிக்கு ஜன்னல் வழியே தெரிவது அது ஒன்றுதான். குழி நாளுக்கு நாள் பெரிதாகிறது. எதற்கு என்று கேட்பவர்களிடம், குளம் வெட்டப்போவதாகச் சொல்கிறார். வந்தவர்கள் தலையாட்டிவிட்டுப் போகிறார்கள். குழியின் அர்த்தம் புரிந்த ஒரே ஆளால், அல்லது புரிந்ததாக நினைக்கும் ஒரே ஆளால், இமைக்க மட்டுமே முடியும். அவரைப் பார்த்து யாரும் கேள்வி கேட்கவில்லை.

இத்தனைக்கும் நாவலில் அமானுஷ்யம் என்று ஒன்றுமே இல்லை. மண், கொடிகள், மண்வெட்டி, மருந்து, ஒரு வயதான பெண். ஆனால் படிக்கப் படிக்கக் கனவின் தர்க்கம் வந்து சேர்ந்துவிடுகிறது. காலம் கலைகிறது. தோட்டம் வீட்டை விழுங்கிவிடும்போல் இருக்கிறது. நகர முடியாத ஒருவரின் கண்ணோட்டத்தை விட்டு ஒரு வரியும் விலகாததால் இது நடக்கிறது. உலகத்தையே தாளில் வரைந்து பழகியவருக்கு உலகம் ஒரு ஜன்னல் அளவுக்குச் சுருங்கிப்போகிறது. பழமையான பாபிலோனிய உலக வரைபடத்தைப் பற்றி நாவலில் பேச்சு வருகிறது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தக் களிமண் பலகையின் நடுவில் ஒரு சிறு துளை உண்டு. வட்டம் வரைய ஊன்றிய கருவியின் தடம் அது என்பார்கள். உலகின் மையத்திலேயே ஒரு ஓட்டை. வரைபட ஆய்வாளர் அதை வேடிக்கையான தகவலாக ரசித்தார். தன் வீட்டின் மையத்தில் இருந்த ஓட்டையை மட்டும் கவனிக்கவில்லை.

வாதியும் பிரதிவாதியும் இடம் மாறும் கணம்

பாதி நாவல் வரை நாம் ஓகியின் பக்கம் இருக்கிறோம். கையாலாகாமல் கிடப்பவருக்காகப் பதறுவது இயல்புதான். ஸ்டீபன் கிங்கின் ‘மிஸரி’ (1987) நாவலையும் பலர் இதோடு ஒப்பிடுகிறார்கள். அதிலும் காயம்பட்ட ஆண், அவனைப் பராமரிக்கும் பயங்கரமான பெண். ஆனால் ‘மிஸரி’யில் எழுத்தாளன் கடைசிவரை நிரபராதி. பியுன் அந்தச் சௌகரியத்தைத் தரவில்லை.

ஓகியின் நினைவுகள் மெல்ல விரிகின்றன. மனைவி பத்திரிகையாளராக ஆசைப்பட்டவள். ஒவ்வொன்றாகத் தொடங்கி ஒவ்வொன்றாகக் கைவிட்டவள் என்று அவர் நினைத்துக்கொள்கிறார். அந்த நினைப்பில் ஒரு மெல்லிய ஏளனம் இருக்கிறது. தன் பதவி உயர்வை அவர் விவரிக்கும் இடத்தில், கை அவ்வளவு சுத்தமில்லை என்பது தெரிந்துவிடுகிறது. சக ஆசிரியை ஒருத்தி விஷயத்தில் மனைவிக்கு இருந்த சந்தேகம் வெளியே வருகிறது. அவள் எழுதிக்கொண்டே இருந்தாள் என்பதும், கணவனைப் பற்றித்தான் எழுதினாள் என்பதும் தெரியவருகிறது. அந்த எழுத்து தாயின் கைக்குப் போய்ச் சேர்கிறது.

ஆராங்கை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். செத்துப்போன பெண், எழுதிவைத்த குற்றப்பத்திரிகை, அதைப் படித்துவிட்ட ஒரு தாய். பேய்க்கதையின் எல்லா உறுப்புகளும் இருக்கின்றன. நீதி விசாரிக்க அதிகாரி மட்டும் இல்லை. பார்த்துக்கொள்வதற்கும் தண்டிப்பதற்கும் இடையே இருந்த கோடு அழிந்துவிடுகிறது. குற்றம் சாட்டப்பட்டவருக்கோ தற்காப்பு வாதம் செய்ய வாய் இல்லை. முடிவை நான் சொல்லப்போவதில்லை. ஆனால் நாவலை மூடும்போது, இத்தனை நேரம் யாருக்காகப் பதறினோம் என்ற கேள்வி நம்மிடம் மிஞ்சுகிறது.

இது ஒரு நாவலின் தற்செயலான உத்தி அல்ல. பியுன் 2010இல் எழுதிய ‘சிட்டி ஆஃப் ஆஷ் அண்ட் ரெட்’ நாவலிலும் இதே வேலையைச் செய்கிறார். பூச்சிக்கொல்லி நிறுவனத்தில் வேலை பார்க்கும் ஒருவன், எலி கொல்வதில் கெட்டிக்காரன் என்ற தகுதியில் வெளிநாட்டுக் கிளைக்கு அனுப்பப்படுகிறான். அங்கே கொள்ளைநோய், தெருவெங்கும் குப்பை, முடக்கப்பட்ட குடியிருப்பு. ஊரில் அவனுடைய முன்னாள் மனைவி கொலையுண்டு கிடக்கிறாள், சந்தேகம் அவன் மேல். தப்பியோடிப் பூங்காவிலும் சாக்கடையிலும் வாழ்கிறான். கோவிட்டுக்குப் பத்து ஆண்டுகளுக்கு முன் எழுதிய இந்தப் பக்கங்களைத் தீர்க்கதரிசனம் என்று புகழ்வது எளிது. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அந்த மனிதனுக்காக நாம் போதுமான அளவு இரக்கப்பட்டு முடித்த பிறகு, அவன் தன் மனைவியிடம் நடந்துகொண்ட விதம் தெரியவருகிறது. அது பாலியல் வன்முறை. நாவல் வெளியான 2010இல், சேர்ந்து வாழும் மனைவியைக் கணவன் வல்லுறவு செய்வது குற்றம்தான் என்று கொரிய உச்ச நீதிமன்றம் இன்னும் சொல்லியிருக்கவில்லை. 2013இல்தான் சொன்னது. அதிகாரி வந்து சேர்வதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே நாவல் வழக்கைப் பதிவு செய்துவிட்டது.

ஹான் காங்கின் ‘தி வெஜிடேரியன்’ (2007) நாவலையும் இந்த வரிசையில் வைக்கலாம். 2016இல் மேன் புக்கர் சர்வதேசப் பரிசு, 2024இல் ஆசிரியருக்கு நோபல் என்று உயர்ந்துபோனதால் அதைத் திகில் என்று சொல்ல இன்று பலருக்குத் தயக்கம். ஆனால் ரத்தக் கனவுகள், மரமாக மாறத் துடிக்கும் உடல், சோறும் தண்ணீரும் மறுக்கும் பிடிவாதம் எல்லாம் திகிலின் சரக்குதான். நாயகி யோங்-ஹேயின் கதையைக் கணவன் சொல்கிறான், பிறகு அக்காள் கணவன் வழியாகவும் அக்காள் வழியாகவும் பார்க்கிறோம். அவளுக்கென்று கிடைப்பவை சில கனவுத் துணுக்குகள் மட்டும். கறி தின்ன மறுத்த மகளைக் குடும்ப விருந்தில் அறைந்து, வாயில் இறைச்சியைத் திணிக்கிற தந்தை, வியட்நாம் போரில் சண்டையிட்டதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்பவர். அந்தப் போருக்கு 3 லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களைத் தென்கொரியா அனுப்பியது. போர்க்களத்தில் பழகிய கை சாப்பாட்டு மேசைக்கும் வருகிறது. கணவனோ, சாதாரணமான பெண் என்பதால்தான் இவளைக் கட்டிக்கொண்டேன் என்று சர்வ சாதாரணமாகச் சொல்கிறான். வேறு சாட்சி வேண்டாம்; அவன் வாக்குமூலமே அவனைக் கூண்டில் ஏற்றிவிடுகிறது.

பழைய தீர்ப்பில் தப்பியவர்

ஏன் இந்த நாவல்கள் ஆணின் வாயைத் திறந்துவிட்டுக் காத்திருக்கின்றன? விடை பழைய கதைகளிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

கொரியாவின் மிகப் புகழ்பெற்ற பேய்க்கதை, ஜாங்-ஹ்வா, ஹோங்-நியோன் என்ற அக்காள் தங்கை கதை. 1924லேயே படமானது. 2003இல் கிம் ஜீ-வூன் இயக்கி உலகப் புகழ்பெற்ற ‘எ டேல் ஆஃப் டூ சிஸ்டர்ஸ்’ படத்துக்கும் இதுவே மூலம். மூத்த மகளை ஒழித்துக்கட்ட நினைக்கும் சிற்றன்னை, தோலுரித்த எலியை அவள் படுக்கையில் வைத்து, கள்ளக் கர்ப்பம் கலைந்துவிட்டது என்று கணவனிடம் காட்டுகிறாள். தந்தை நம்பிவிடுகிறார். மகளை வெளியூருக்கு என்று சொல்லி அனுப்பிவைக்கிறார்கள். வழியில் குளத்தில் மூழ்கடிக்கப்பட்டு அவள் சாகிறாள். தங்கையும் அதே குளத்தில் விழுகிறாள். ஆவிகள் அதிகாரியிடம் முறையிட, அவர் அந்தக் ‘கரு’வை அறுத்துப் பார்க்கச் சொல்கிறார். உள்ளே எலிப் புழுக்கை இருக்கிறது. சிற்றன்னைக்கு மரண தண்டனை.

அப்பாவுக்கு? பரவலாக வழங்கும் வடிவங்களில் அவருக்கு ஒன்றும் ஆவதில்லை. ஏமாந்துபோனார் என்று விட்டுவிடுகிறார்கள். மகள்களின் ஆவிகளே அவருக்காகப் பரிந்து பேசுகின்றன. அவர் மறுபடி மணம் முடிக்கிறார். செத்துப்போன மகள்கள் அவருக்கே இரட்டைக் குழந்தைகளாகப் பிறக்கிறார்கள். சொந்த மகளின் மானத்தை ஒரு செத்த எலியின் சாட்சியத்தில் கைவிட்டவருக்கு, அந்த மகளே பரிசாகத் திரும்பக் கிடைக்கிறாள்.

தென்கொரியாவின் இன்றைய எழுத்தாளர்கள் மேல்முறையீடு செய்திருப்பது இந்தத் தீர்ப்பின் மீதுதான். சிற்றன்னையைக் கழுவேற்றி வழக்கை முடிப்பதில் அவர்களுக்குச் சம்மதமில்லை. வீட்டுத் தலைவனை விசாரிக்கக் கேட்கிறார்கள். குடும்ப உறுப்பினர் அனைவரையும் ஓர் ஆணின் கீழ் பதிவு செய்த ‘ஹோஜு’ முறை அந்த நாட்டில் 2008 ஜனவரியில்தான் முடிவுக்கு வந்தது. பதிவேட்டிலிருந்து போன தலைவன் மனதிலிருந்தும் போய்விட்டானா என்பதை நாவல்கள் சோதிக்கின்றன. கள்ள உறவைக் குற்றமாக்கிய சட்டப் பிரிவை அரசமைப்பு நீதிமன்றம் 2015இல் ரத்து செய்தது. படுக்கையறைக்குள் போலீஸ் வராமலிருப்பது நல்லதுதான். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் சட்டம் வெளியேறினால் மனக்குறையும் கூடவே வெளியேறிவிடாது. மறு ஆண்டு வெளிவந்த ‘தி ஹோல்’ நாவலில் ஒரு மனைவி தன் குற்றப்பத்திரிகையைத் தானே எழுதுகிறாள்.

நூறாண்டு விருந்தாளி

இந்த இடத்தில் ஒரு மறுப்பு எழும். கடைசியில் இங்கேயும் ஒரு கிழவியைத்தானே அரக்கியாக்கியிருக்கிறார்கள், சிற்றன்னை போய் மாமியார் வந்திருக்கிறாள், அவ்வளவுதானே? நாவலை ஓகியின் கண்ணால் மட்டும் படித்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் அந்தக் கண்ணே சந்தேகத்துக்குரியது என்பதுதான் நாவலின் வாதம். அந்தப் பெண்மணி பகல் முழுக்கச் செய்வது என்ன? மகள் செத்த விபத்தில் தப்பிய ஆணுக்குச் சோறூட்டுகிறார், கழுவிவிடுகிறார், புரட்டிப் படுக்கவைக்கிறார். தன் துக்கத்தைக் கொட்டுவதற்கு அவருக்குக் கிடைத்தது அந்தத் தோட்டம் மட்டும்.

மருமகன் நூறாண்டு விருந்தாளி என்று கொரியாவில் ஒரு பழமொழி உண்டு. அவன் வீட்டுக்கு வந்தால் முட்டையிடும் கோழியையே அடித்துச் சமைப்பது மாமியாரின் உபசாரம். நம்மூர் மாமியார்களுக்கும் இது புதிதல்ல. அந்த விருந்தாளி எழுந்து போகவே முடியாத நோயாளியானால், உபசாரம் எப்போது கடமையாகும், கடமை எப்போது வெறுப்பாகும்? பியுன் கை வைப்பது இந்த இடத்தில். கொரிய மருத்துவமனைகளில் நோயாளியின் அன்றாடத் தேவைகளைப் பெரும்பாலும் குடும்பத்தினரோ காசு கொடுத்து அமர்த்திய உதவியாளரோதான் கவனிக்க வேண்டியிருக்கிறது. முதியோருக்கான நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு 2008இல் வந்தது. 65 வயதைக் கடந்தவர்களுக்கும், முதுமை சார்ந்த நோய் உள்ளவர்களுக்கும்தான் அது. விபத்தில் முடங்கிய நாற்பது வயதுக்காரர் அதன் வரம்புக்குள் வருவதில்லை. 2024 டிசம்பரில் அந்நாட்டின் மக்கள்தொகையில் 65 வயதைக் கடந்தவர்கள் 20 விழுக்காட்டைத் தாண்டினார்கள். ஒரு பெண் சராசரியாகப் பெறும் குழந்தைகளின் எண்ணிக்கையோ 2023இல் 0.72; உலகிலேயே மிகக் குறைந்த அளவுகளில் ஒன்று. பராமரிக்க வேண்டியவர்கள் பெருகுகிறார்கள், பராமரிக்க ஆட்கள் குறைகிறார்கள். பல ஆண்டுகள் நோயாளியைப் பார்த்துக்கொண்ட உறவினரே ஒருநாள் அவரைக் கொன்றுவிடும் சம்பவங்களைக் குறிக்க அங்கே செய்தித்தாள்களில் தனிப்பெயரே இருக்கிறது.

இந்தப் பின்னணியில், ‘தி ஹோல்’ நாவலின் பயங்கரம் மாமியாரின் குணத்தில் இல்லை. வேறு வழியே இல்லாமல் இருவரையும் ஒரே கூரைக்குள் பூட்டிவைத்த ஏற்பாட்டில் இருக்கிறது. வெறுக்க எல்லாக் காரணமும் உள்ள ஒருவரிடம் உயிரை ஒப்படைக்கும் நிலை ஓகிக்கு. வெறுக்கும் ஒருவரின் உடம்பைத் தினமும் துடைக்க வேண்டிய நிலை மாமியாருக்கு. யாருடைய இடத்தில் இருப்பது மோசம் என்று தீர்ப்பளிக்க நான் தயாரில்லை.

போரா சுங்கின் ‘கர்ஸ்டு பன்னி’ தொகுப்பும் காலியான நாற்காலியைப் பற்றியதுதான். ஆன்டன் ஹர் மொழிபெயர்ப்பில் 2022இல் சர்வதேச புக்கர் குறும்பட்டியலுக்குப் போன நூல் அது. தலைப்புக் கதையில், நேர்மையாக மது வடித்துவந்த குடும்பம் ஒன்றைப் பெரிய நிறுவனம் பொய்ப் பிரச்சாரத்தால் அழிக்கிறது. சட்டத்தால் ஆகாத காரியத்தை, நண்பர் செய்து கொடுக்கும் முயல் வடிவ விளக்கு செய்கிறது. சாபம் முதலாளியோடு நிற்காமல் பேரக்குழந்தை வரை போகிறது. விசாரணை இல்லாத நீதிக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாது. இந்த எச்சரிக்கையையும் கொரியத் திகில் தன்னோடு எடுத்துவருகிறது.

எதற்காக மொழிபெயர்க்கிறோம்?

ஹான் காங்கின் நாவல் சமயவேல் மொழிபெயர்ப்பில் ‘மரக்கறி’ என்ற பெயரில் தமிழுக்கு வந்திருக்கிறது. நோபலுக்குப் பிறகு கொரிய இலக்கியத்தின் மேல் நம் பதிப்பாளர்களுக்கும் கண் விழுந்திருக்கிறது. கொரியத் தொடர்களைப் பார்த்துப் பழகிய இளம் வாசகர் கூட்டம் ஒன்றும் தயாராக இருக்கிறது. இன்னும் பல நூல்கள் வரும், வர வேண்டும். கவலை, எந்த அட்டையோடு வரும் என்பதில்தான்.

மேற்கத்தியச் சந்தையில் பியுன் போன்றவர்கள் ‘திகில்’, ‘த்ரில்லர்’ என்ற முத்திரையோடு விற்கப்படுகிறார்கள். சொந்த நாட்டில் அவர்கள் மைய நீரோட்ட இலக்கியவாதிகள். நம்மிடம் பேய்க்கதை என்றால் மாத நாவல், இலக்கியம் என்றால் வேறு அலமாரி என்ற பாகுபாடு நெடுங்காலமாக இருக்கிறது. மேற்கிலிருந்து முத்திரையையும் சேர்த்து இறக்குமதி செய்தால், இந்த நூல்கள் முதல் அலமாரிக்குப் போய், ‘எதிர்பார்த்த அளவுக்குப் பயமாக இல்லை’ என்ற புகாரோடு கைவிடப்படும். பரிசுப் பட்டியலை மட்டும் பார்த்து இரண்டாவது அலமாரியில் வைத்தால், உவமை, குறியீடு, படிமம் என்று விளக்கியே அவற்றின் பயத்தைப் பிடுங்கிவிடுவோம். இரண்டுமே நஷ்டம். பயமும் வழக்கும் இவற்றில் ஒன்றுதான். ஒன்றை எடுத்துவிட்டால் மற்றது செத்துவிடும்.

எனவே பதிப்பாளர்களுக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. பரிசு வாங்கிய ஒரு நூலோடு நிறுத்தாதீர்கள். பியுனையும் போரா சுங்கையும் கொண்டுவாருங்கள். ஆராங்கின் கதையும் அக்காள் தங்கை கதையும் அடங்கிய ஒரு தொகுப்பை அவற்றோடு சேர்த்தே வெளியிடுங்கள். பழைய தீர்ப்பைப் படிக்காதவருக்கு மேல்முறையீடு புரியாது. வாசகர்களுக்கும் ஒன்று: ஓகிக்காக உங்கள் நெஞ்சு பதறும்போது அதை அடக்க வேண்டாம், பதறுங்கள். அவருடைய மனைவி எழுதிவைத்த பக்கங்களையும் கேட்டு வாங்கிப் படித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள். ஒரு தரப்பை மட்டும் கேட்டு முடித்த வழக்குகளில்தான் அந்த அப்பா இத்தனை நூற்றாண்டுகளாகத் தப்பித்துவந்திருக்கிறார்.